பாலாணத்தில் விழுந்த ஆல்ப்ஸ் மலை

ஆல்ப்ஸ் மலையடியில் பிறந்த ஒரு பெண்மணிக்கு, அவருடைய சொந்த மலையில் விளைந்த வைனோடு என்ன சாப்பிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்த குடும்பம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் குடும்பம். காட்டிக்கொடுத்ததன் விளைவாக அந்த அம்மையார் எங்கள் ஆணச் சட்டியை, அதாவது குழம்புச் சட்டியை, பாண் ரொட்டியால் வழித்த வழிப்பில், சட்டியின் கறுப்பே கழன்று போய்விட்டது. இப்போது அதில் முகம் பார்த்து நான் மீசை வெட்டுகிறேன்.

நம்பமாட்டீர்கள். என் மனைவியின் தம்பி கனகசிங்கமும் நம்பவில்லை.

"மச்சான், பிந்தி வந்த ரயிலையெல்லாம் நேரத்துக்கு வந்ததெண்டு சொன்ன வாய்தானே இது?" என்றான். மட்டக்களப்பில் நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதை இப்படித்தான் அவன் ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்வான். அவன் எழுபதுகளிலேயே மொன்றியலுக்கு வந்து, கல்லூரியில் கணிதம் படிப்பித்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் குடியிருப்பவன். நிரூபணம் இல்லாமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான்.

எங்கள் கவலை என்னவென்று போன கிழமை படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காக ஒரு வாய் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகள் கமலினி, இரண்டு பெண் பிள்ளைகளோடு அமெரிக்க எல்லைக்கு அப்பால் பிளாட்ஸ்பர்க்கில், ஒரு தேவாலய மண்டபத்தில் காத்திருக்கிறாள். திங்கட்கிழமை அவளை எல்லையில் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள். விட்டால் நேரே எங்களிடம்தான் வரவேண்டும். ஊரில் வைத்து அவளுடைய புருஷனைப் பிடித்துக்கொண்டு போன நாள் தொட்டு, அந்தப் பிள்ளைகள் எந்தக் கூரையின் கீழும் நிலையாகப் படுத்ததில்லை.

வந்தால் எங்கே படுப்பது? அதுதான் கேள்வி.

சென்ட் லோரன்டில் நாங்கள் இருப்பது ஒரு பழைய வீட்டின் நடு மாடி. இளைய மகள் யோகராணி, மருமகன் கிறிஸ்தோப்பர், அவர்களுடைய கைக்குழந்தை, நான். என் கட்டிலை மடக்கினால்தான் குசினிக் கதவு திறக்கும். குழந்தை தவழத் தொடங்கினால் நான் தெருவில் நிற்கவேண்டும். நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது வீட்டுக்காரியின் நிபந்தனை.

ஆனால் எங்களுக்குக் கீழே ஒரு பேஸ்மண்ட் சும்மா கிடந்தது. அதற்குள் பெட்டிகளும் பனிச்சறுக்குப் பலகைகளும் உடைந்த அலுமாரிகளும். எல்லாம் வீட்டுக்காரியின் இறந்துபோன கணவருடையவை.

வீட்டுக்காரி மடாம் செலீன், மேல் மாடியில் தனியே இருந்தார். நெடிய மனுஷி. மாடிப்படியின் கைபிடியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். சிரித்து யாரும் கண்டதில்லை.

அதே மடாம்தான், நாங்கள் வந்திறங்கிய நவம்பரில், ஒரு சொல்லும் சொல்லாமல் எங்கள் கதவடியில் கம்பளிக் கோட்டுகளை வைத்துவிட்டுப் போனவர். எனக்குக் கிடைத்தது அவருடைய கணவரின் கோட்டு. கணுக்கால்வரை தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பிரெஞ்சுத் தளபதி என்று நினைத்து மூன்று பேர் எழும்பி இடம் தருவார்கள். அந்தக் கோட்டு இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே என்னைக் கட்டியாகத்தான் எடுத்திருப்பார்கள்.

அவ்வளவும் தந்தவரிடம் இன்னுமொன்று எப்படிக் கேட்பது? அந்த வெட்கத்தில்தான் கிழமைகள் ஓடின. கடைசியில் கனகசிங்கம் ஒரு வழி சொன்னான்.

"சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடு. கோட்டுக்கு நன்றியெண்டு சொல்லு. சாப்பிட்டு முடிய, பேஸ்மண்டைத் தாங்கோவெண்டு நேரா கேள். கணக்குச் சரி."

சனிக்கிழமை விடிந்தது. அன்று பெய்த பனியில் எங்கள் தெரு காணாமல் போய்விட்டது; இனி ஏப்ரலில்தான் திரும்பி வரும்.

காலையிலேயே தொலைபேசி அடித்தது. கமலினி. இரைச்சலுக்குள் அவளுடைய குரல் வந்து வந்து போனது.

"அப்பா, இடம் கிடைச்சுதா?"

"இண்டைக்குக் கேக்கப் போறம் மகள். மூண்டு பேருக்கும் படுக்கை போட்டு வைக்கிறன்."

"மூண்டில்லையப்பா. நாலு பேருக்குப் போடுங்கோ."

"நாலோ? ஆரது நாலாவது?"

தொடர்பு அறுந்துவிட்டது. நானும் யோகராணியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் நினைத்தோம், பிடித்துக்கொண்டு போன ஆளை.

அந்த நேரம் கதவைத் தட்டினார் மடாம் செலீன். கையில் ஒரு மெல்லிய பச்சைப் போத்தல். ஒட்டியிருந்த தாளில் ஒரு மலை.

கிறிஸ்தோப்பர் பாண் ஃபாக்டரியில் வேலை செய்து பிரெஞ்சு பழகியவன். அவன்தான் எங்களுக்கு மொழி.

"தம்பியின்ர தோட்டத்து வைனாம், மாமா. ஆல்ப்ஸ் மலையடியில சவ்வா எண்டு ஒரு இடமாம். அங்கதான் இவ பிறந்தவவாம். தம்பி இப்ப இல்லையாம். இதுதான் கடைசிப் போத்தலாம். வெளியில குளிரில வைக்கட்டாம்."

"மெர்சி, மடாம்!" என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அதோடு செலவாகிவிட்டது. அவர் தலையசைத்துவிட்டு, கைபிடியைத் துடைத்துக்கொண்டு மேலே போனார்.

கிறிஸ்தோப்பர் கத்தோலிக்கன். அவனுடைய தாய் கிறிஸ்மஸ் நத்தாருக்கு முந்திரிகை என்கிற திராட்சை வற்றலும் சீனியும் கராம்பும் போட்டு ஜாடியில் வைன் ஊறவைப்பார். விருந்தாளிக்கு ஊற்றுமுன் வீட்டு ஆம்பிளை ஒரு வாய் ருசி பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். சட்டப்படி தக்கையைத் திறந்தான். ஒரு வாய் வைத்தான். அவனுடைய முகம் பிழிந்த துணி மாதிரி ஆனது.

"என்னப்பா?" என்றாள் யோகராணி.

"புளிச்சுப் போச்சு."

நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். ஆற்றங்கல்லை நக்கியதுபோல் இருந்தது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. யோகராணி விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வைன் எண்டால் இனிக்கவேணும். எங்கட அம்மாட வைன் தேன் மாதிரி. சின்னனில பூசைக்கு உதவக்குள்ள நான் களவாக் குடிச்ச கோயில் வைனும் இனிப்புத்தான்," என்று கிறிஸ்தோப்பர் வேதசாட்சி சொன்னான். "இது செத்துப் போச்சு, மாமா."

"பாவம் மனிசி. அவவுக்குத் தெரியாதுபோல," என்றாள் யோகராணி.

அப்போதுதான் எங்களுக்கு விஷயத்தின் பாரம் விளங்கியது. அந்த அம்மையார் கொண்டுவந்ததை அவருக்கே ஊற்றிக் கொடுத்து, அவர் எல்லோருக்கும் முன்னால் முகம் சுழித்தால்? செத்துப்போன தம்பியின் கடைசிப் போத்தல். எங்கள் வீட்டில் வைத்து அவர் வெட்கப்படலாமா? அதற்குப் பிறகு பேஸ்மண்டைக் கேட்க எவனுக்கு வாய் வரும்?

"ஒளிச்சுப்போடுவம்," என்றேன். ஏகமனதாக நிறைவேறியது.

பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்த கனகசிங்கம் கதையைக் கேட்டான். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொடாதவன். வைனைப் பற்றியும் சந்திரனில் வெங்காயம் நடுவதைப் பற்றியும் அவனுக்குத் தெரிந்தது ஒரே அளவுதான்.

"நான் போய் வேற வாங்கிக்கொண்டு வாறன். சிவப்பா, இனிப்பா இருக்கிறதா," என்று காரை எடுத்துக்கொண்டு போனான்.

குசினியில் யோகராணி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜான்-டலோன் சந்தையில் அன்று கடல் மீன் நன்றாக இல்லை. டொறே என்று ஒரு ஏரி மீன்தான் வாங்கி வந்திருந்தோம். வெள்ளை வெளேரென்ற சதை. பாலாணத்துக்கு என்றே பிறந்த மீன். பாலாணம் என்பது எங்கள் மட்டக்களப்புப் பேச்சு. மற்ற ஊரார் சொதி என்பார்கள். தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், கடைசியில் தேசிப்புளி, அதாவது எலுமிச்சம் புளி.

"அப்பா, தேசிக்காயைப் பாருங்கோ. கல்லாக் கிடக்கு."

பார்த்தேன். அதை எறிந்தால் மாடு விழும்.

யோகராணி போத்தலைப் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். சாமானை எறியத் தெரியாத பிள்ளை அவள்.

"புளிதானே," என்றாள்.

டின் தேங்காய்ப்பாலைத் தண்ணீராகக் கரைத்து மீன் அவிந்துகொண்டிருந்த சட்டிக்குள், அரைப் போத்தல் ஆல்ப்ஸ் மலையை ஊற்றினாள். கொதித்து அடங்கிய பிறகு கட்டிப்பாலை விட்டு இறக்கினாள். மிச்சப் போத்தல் பால்கனிப் பனிக்குள் போய்ப் புதைந்தது.

கிறிஸ்தோப்பர் கரண்டியை நக்கிப் பார்த்தான். இன்னொருமுறை நக்கினான். மூன்றாம் முறை யோகராணி கரண்டியைப் பறித்துவிட்டாள்.

மத்தியானம் மடாம் செலீன் வந்தார். சாம்பல் நிறச் சட்டை, கழுத்தடியில் ஒரு சின்ன வெள்ளிப் பூ. சப்பாத்தைக் கழற்றி, நூல் பிடித்ததுபோல் வாசலில் வைத்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கனகசிங்கத்தைக் காணவில்லை.

குடிவகை உள்ள விருந்தென்றால் முதலில் கொறிக்க உறைப்பாக ஒரு பைட் வைப்பது எங்கள் பக்க ஆண்களின் மரபு. அன்று கிறிஸ்தோப்பர் கணவாய்ப் பிரட்டல் செய்திருந்தான். மடாம் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்தார். அவ்வளவுதான். முகம் முதலில் சிவப்பு, பிறகு ஊதா. இரண்டு குவளை தண்ணீர் போன பிறகுதான் எங்களை அடையாளம் தெரிந்தது.

மேசையில் வைன் இல்லை என்பதை அவருடைய கண்கள் கவனித்துவிட்டன. நான் அவசரமாகக் குழந்தையைத் தூக்கிக் காட்டினேன்.

பிட்டும் பாலாணமும் வந்தன. கிறிஸ்தோப்பர் ஃபாக்டரியிலிருந்து கொண்டுவந்த நீட்டுப் பாணும் இருந்தது. மடாம் ஆவிக்கு மேலே முகத்தைக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டி கீழே இறங்கவில்லை.

மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். கிறிஸ்தோப்பருக்கு பெப்ரவரியில் வேர்த்தது.

"இதுக்குள்ள என்ர வைன் இருக்கு எண்டுறா."

குழந்தை மட்டும் கரண்டியால் மேசையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் மனத்துக்குள் கமலினியிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டேன். போச்சு. பேஸ்மண்டும் போச்சு, நடு மாடியும் போச்சு, கோட்டையும் கழற்றிக் கொடுக்கவேண்டி வரும்.

யோகராணி எழுந்து நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ அவவிட்ட," என்றாள் புருஷனிடம். "பழுதாப்போச்செண்டு நினைச்சம். எங்களுக்கு முன்னால நீங்கள் வெக்கப்படக்கூடாதெண்டுதான் ஒளிச்சம். எறிய மனம் வரேல்ல. அதுதான் மீனுக்க விட்டன்."

கிறிஸ்தோப்பர் சொல்லி முடித்தான். மடாமின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் துவாய் தேடினேன். அழுகை இல்லை. சிரிப்பு! மேல் மாடிக் கண்ணாடிகளெல்லாம் கலகலத்தன. தெருவின் அந்தப் பக்கத்துக் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

"எனக்கு வெட்கம் வரக்கூடாது என்றா?" என்று கேட்டார். திரும்பவும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிச்சம் எங்கே?"

கிறிஸ்தோப்பர் பால்கனிக்குப் பாய்ந்து பனியைத் தோண்டினான். எங்கள் எவர்சில்வர் கப்புகளில் மடாமே ஊற்றினார். ஊற்றிக்கொண்டே பேசினார். ஒரு வருஷம் சேர்த்துவைத்த பேச்சு. கிறிஸ்தோப்பர் மூச்சு வாங்கி வாங்கித் தமிழில் தந்தான்.

"பழுதில்லையாம். அது அப்பிடித்தானாம். மலைக்குளிரில காய்க்கிற முந்திரிகைக்கு இனிப்பு ஏறாதாம். தனியக் குடிச்சா விளங்காதாம். குளிர்காலமெண்டா சீஸை உருக்கி, பாண் தோய்ச்சு, இதைக் குடிக்கிறதாம். கோடையெண்டா ஏரி மீன். அவட அம்மா இந்த வைனை ஊத்தித்தான் மீன் அவிப்பாவாம், பசுப்பால் ஆடையும் விட்டு. புருஷன் செத்தபிறகு அவ அந்தச் சமையல் செய்யவேயில்லையாம்."

பிறகு கணவாய்க் கோப்பையை ஒரு விரலால் கிறிஸ்தோப்பர் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு பியராம்," என்றான் அவன் குரல் இறங்கி.

அவர் சொன்னபடி செய்தேன். ஒரு வாய் பாலாணம். அது தொண்டையில் இருக்கும்போதே ஒரு வாய் வைன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! காலையில் கல்லாக இருந்தது இப்போது சுனைத் தண்ணீராக இருந்தது. தேங்காய்ப்பாலின் கனத்தை அது கழுவிவிட்டு, அடுத்த வாய்க்கு நாக்கைப் புதிதாக்கிக் கொடுத்தது. நான் எட்டுக் கோப்பை பிட்டுச் சாப்பிட்டேன். பத்து என்றால் நம்புவீர்களா? சரி, எட்டு.

"ஆனால் இந்தப் பால்," என்றார் மடாம், சட்டியைக் காட்டி. "தேங்காயாமே? என் அம்மாவுக்கு இது தெரியாமல் போய்விட்டதே. இந்த வைன் இவ்வளவு காலமும் இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறது."

சொல்லிவிட்டு ஒரு பாண் துண்டைப் பிய்த்து, எட்டி, நேரே சட்டிக்குள் தோய்த்தார். கடித்தார். கடித்த துண்டை மறுபடி தோய்த்தார்.

எங்கள் கைகள் அந்தரத்தில் நின்றன. எச்சில்! எங்கள் வீடுகளில் சட்டிக்குள் கை போட்டால் சின்னப் பிள்ளைக்கும் அடி விழும். மடாம் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"எங்கள் ஊரில் பனி பெய்யும் நாளில் எல்லோருக்கும் ஒரே சட்டிதான்," என்றார். "வீட்டு ஆட்களுக்கு."

யோகராணி ஒரு பாண் துண்டு எடுத்தாள். சட்டியின் மற்ற ஓரத்தில் தோய்த்தாள். பிறகு கிறிஸ்தோப்பர், பிறகு நான். மடாம் வழித்த வழிப்பைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

சாப்பாடு முடிந்தது. யோகராணி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். கேளுங்கோ என்று அர்த்தம்.

நான் வாயைத் திறந்தேன். மடாமின் விரல்களில் இன்னும் ஆணம் காயவில்லை. சாப்பிட்ட ஆளின் கை காய முன் உதவி கேட்டால் அது விருந்தா, வியாபாரமா? என் வாய் தானாக மூடிக்கொண்டது. யோகராணி மறுபடி மிதித்தாள். சின்ன விரல் போயிற்று. நான் அசையவில்லை.

மடாம் எழும்பினார். அடியில் இருந்த கொஞ்ச ஆணத்தைக் காட்டி, மேலே கொண்டுபோகலாமா என்று கேட்டார். சட்டியோடு கொடுத்தோம். பாண் முறியைக் கமக்கட்டில் செருகிக்கொண்டு போனார். இரண்டு கையிலும் சட்டி; கைபிடியைத் துடைக்கவில்லை.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கனகசிங்கம் வந்தான். கார் பனிக்குள் சிக்கியதால் நடந்து வந்தவன்; இமையெல்லாம் வெள்ளை. கையில் சிவப்புப் போத்தல். நடந்ததைச் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல்.

"விசர்க் கதை கதையாதை! கைபிடியைத் துடைச்சுப்போட்டுத் தொடுற மனிசி, உங்கட சட்டிக்குள்ள கடிச்ச பாணைத் தோய்ச்சாவோ? சட்டி எங்க?"

"மேலே கொண்டு போயிட்டா."

"ஓ! சாட்சியும் மேலே போயிட்டுதோ? சரி, பேஸ்மண்டைக் கேட்டியா?"

"இல்லை."

"ஏன்?"

"கை காயேல்ல."

கனகசிங்கத்தின் இமையிலிருந்த பனி அந்த நிமிஷமே உருகிவிட்டது.

"திங்கக்கிழமை உன்ர பேத்திமார் பனிக்குள்ள நிண்டு உன்ர மரியாதையைச் சாப்பிடட்டும்! நான் போய்க் கேக்கிறன்!"

சிவப்புப் போத்தலோடு ஏறிப் போனான். மேலே கதவு திறந்தது, மூடியது. பிறகு சத்தமில்லை. யோகராணி குழந்தையோடு படியில் உட்கார்ந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் கமலினிக்கு யார் சொல்வது என்று கிறிஸ்தோப்பர் என்னைக் கேட்டான். நான் என் நசிந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கதிரை நகர்ந்தது. யாரோ இருமினார்கள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கனகசிங்கம் இறங்கி வந்தான். ஒரு கையில் வெறும் சட்டி. மற்றக் கையில் ஒரு திறப்பு, பேஸ்மண்டுப் பூட்டின் சாவி. மேசையில் வைத்தான்.

"கேட்டன். ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்லையெண்டு ஏசினா. கட்டில் அவவிட்டயே இருக்காம். பெட்டியளை நாளைக்கு நாங்கள் தூக்கிக் குடுத்தால் சரி. வாடகை பேந்து கதைப்பமாம்."

யோகராணி திறப்பை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பிள்ளையார் படத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில் வைத்தாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், மேல் மாடியை நோக்கி என் ஒரே பிரெஞ்சுச் சொல்லைக் கத்தினேன். மேலேயிருந்து அதே சொல் திரும்பி வந்தது.

"எத்தனை பேரெண்டு கேட்டா," என்றான் கனகசிங்கம். "மூண்டெண்டு சொன்னன்."

"நாலு, மாமா," என்றாள் யோகராணி.

"நாலோ? ஆரது?"

எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் விளங்கிவிட்டது. மெல்லக் கதிரையில் உட்கார்ந்தான். அவனுடைய மீசை நுனியில் மஞ்சளாக ஏதோ இருந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு, கூரையைப் பார்த்தான்.

"மச்சான்."

"என்ன?"

"நீ சொன்னது நடந்ததுதான்."

"எது?"

"சட்டி." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பக்கத்தால அவ வழிச்சா. இந்தப் பக்கத்தால நான் வழிச்சன்."